அகதிகளுக்கான கொள்கைப் பணியில் பயிற்சி மாணவராகச் சேர விரும்புவோருக்கு

அகதிகளுக்காகவும் புகலிடம் கோருவோருக்காகவும் குரல்கொடுக்கும் அமைப்புகளில் பயிற்சி மாணவராகச் சேர விரும்பும் பலர், சேர்ந்த முதல் வாரத்திலேயே அகதி முகாம் ஒன்றில் நின்று உதவுவோம் என்ற எண்ணத்துடன் விண்ணப்பிக்கிறார்கள். கொள்கைப் பணி பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் புகலிடச் சட்டத் திருத்த வரைவு ஒன்று முன்வைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய சட்டத்தில் 30 நாளாக இருந்த மேல்முறையீட்டுக் காலம் புதிய வரைவில் 7 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வழக்கறிஞரையும் மொழிபெயர்ப்பாளரையும் தேடிக் கண்டுபிடிப்பதற்கே 7 நாள் போதாது என்பதை, ஆதாரத்தோடு, இரண்டு பக்கத்துக்குள் எழுதி, வாக்கெடுப்புக்கு முன்பாக அந்த வரைவைப் பரிசீலிக்கும் குழுவினரின் கையில் சேர்க்க வேண்டும். அந்த இரண்டு பக்கத்துக்கான தரவுகளைத் திரட்டுவது, பழைய சட்டத்தையும் புதிய வரைவையும் வரிவரியாக ஒப்பிடுவது, கூட்டத்தில் பேசப்பட்டதைக் குறித்துக்கொள்வது ஆகியவையே பயிற்சி மாணவரிடம் ஒப்படைக்கப்படும் வேலைகள்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கேள்விக்கு உங்களுக்குள் விடை கண்டுகொள்ளுங்கள். மனிதர்களை நேரில் சந்தித்து, படிவம் நிரப்பவும் நேர்காணலுக்கு ஆயத்தமாகவும் உதவுவதில்தான் உங்கள் மனம் இருக்கிறதென்றால், சட்ட உதவி மையங்களும், சட்ட மாணவர்கள் மேற்பார்வையுடன் உதவி வழங்கும் பல்கலைக்கழக மையங்களும் உங்களுக்குப் பொருத்தமானவை. நாள் முழுவதும் ஆவணங்களோடு உட்கார்ந்திருக்கவும், ஒரு சொல்லின் பொருள் குறித்து அரை மணி நேரம் விவாதிக்கவும் பொறுமை உண்டென்றால் கொள்கைப் பணிக்கு வாருங்கள். இரண்டில் எதுவும் தாழ்ந்ததில்லை. ஆனால் தவறான இடத்தில் சேர்ந்து மூன்று மாதத்தை ஏமாற்றத்தோடு கழிப்பது உங்களுக்கும் நல்லதன்று, அந்த அமைப்புக்கும் நல்லதன்று.

விண்ணப்பிக்கும் முன் படிக்க வேண்டியவை

1951ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அகதிகள் உடன்படிக்கையே இத்துறையின் அடித்தளம். அதைப் பற்றிய கட்டுரைகளைப் படிப்பதற்கு முன் அந்த உடன்படிக்கையையே எடுத்துப் படியுங்கள். ஓர் உட்காரலில் படித்து முடிக்கக்கூடிய அளவுதான். குறிப்பாக மூன்று உறுப்புகளை, அதாவது பிரிவுகளை, வரிவரியாகப் படிக்க வேண்டும். முதல் உறுப்பு அகதி என்பவர் யார் என்று வரையறுக்கிறது: இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற, போதிய அடிப்படையுள்ள அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவர். 31ஆம் உறுப்பு, ஆபத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகள் முன் தோன்றி, தக்க காரணம் காட்டுபவரை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 33ஆம் உறுப்பு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. திருப்பி அனுப்பாமைக் கோட்பாடு என்று இத்துறையில் நாள்தோறும் காதில் விழும் தொடர் இதுதான்.

படிக்கும்போது, அங்கே எது இல்லை என்பதையும் கவனியுங்கள். ஐந்து காரணங்களின் பட்டியலில் பாலினம் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்தோ கட்டாயத் திருமணத்திலிருந்தோ தப்பிவரும் பெண்ணின் கோரிக்கை பெரும்பாலும் 'குறிப்பிட்டதொரு சமூகக் குழு' என்ற சொற்களின் வழியாகத்தான் வாதிடப்படுகிறது. அச்சொற்களை எவ்வளவு விரிவாகவோ குறுக்கமாகவோ பொருள்கொள்வது என்பதே பல நாடுகளில் பெரும் கொள்கைச் சண்டையாக இருக்கிறது. அதேபோல் போர் என்ற சொல்லும் அந்த வரையறையில் இல்லை. அந்தக் குறையை ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1969இல் கொண்டுவந்த உடன்படிக்கையும், லத்தீன் அமெரிக்க நாடுகளுக்காக 1984இல் உருவான கார்டகேனா பிரகடனமும் தத்தம் வட்டாரங்களில் வரையறையை விரித்து ஈடுசெய்ய முயன்றன. 1951 உடன்படிக்கை முதலில் 1951 ஜனவரி 1க்கு முந்தைய நிகழ்வுகளால் இடம்பெயர்ந்தவர்களை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. அதனோடு இணைந்த கூடுதல் உடன்படிக்கையான 1967ஆம் ஆண்டு நெறிமுறைதான் அந்தக் கால வரம்பை நீக்கியது. துருக்கி இன்றுவரை, ஐரோப்பாவில் நடந்த நிகழ்வுகளால் வந்தவர்களையே முழுமையான அகதிகளாக ஏற்கும் நில வரம்பைத் தக்கவைத்துக்கொண்டிருக்கும் முக்கியமான நாடு.

இந்தியா, வங்கதேசம், மலேசியா, தாய்லாந்து, ஜோர்டான், லெபனான் போன்ற நாடுகள் இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடாதவை. அங்கே அகதிகளின் நிலை பொதுவான குடிவரவுச் சட்டங்களையும், நீதிமன்றத் தீர்ப்புகளையும், நிர்வாக ஆணைகளையும் பெருமளவு சார்ந்திருக்கிறது. அத்தகைய நாடுகளைப் பற்றி எழுதும்போது பிற மனித உரிமை உடன்படிக்கைகளே துணை. 1984ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3ஆம் உறுப்பு இங்கே மிக முக்கியமானது. ஏனென்றால் அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் உறுப்பில் தேசப் பாதுகாப்பு போன்ற விதிவிலக்குகள் உண்டு. சித்திரவதைக்கு அனுப்பக் கூடாது என்ற தடைக்கு விதிவிலக்கே இல்லை. ஆனால் ஒரு நாடு அந்த உடன்படிக்கையையாவது ஏற்றிருக்கிறதா என்று முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் அதை மேற்கோள் காட்ட வேண்டும். புதிய பயிற்சி மாணவர்கள் அதிகம் தவறும் இடம் இது.

நீதிமன்றத் தீர்ப்புகளில் ஒன்றையேனும் முழுதாகப் படித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இல் இத்தாலிக்கு எதிராக வழங்கிய தீர்ப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். நடுக்கடலில் இடைமறிக்கப்பட்ட சோமாலியர்களையும் எரித்திரியர்களையும் லிபியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டது, நாட்டு எல்லைக்கு வெளியே நடந்திருந்தாலும் மனித உரிமை மீறலே என்று அந்நீதிமன்றம் கூறியது. ஒரு நாட்டின் பொறுப்பு அதன் எல்லைக்கோட்டில் முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி இன்றைய புகலிடக் கொள்கை விவாதங்கள் பலவற்றின் மையத்தில் இருப்பதை அதைப் படித்தபின் நீங்களே உணர்வீர்கள்.

எண்களைக் கையாளுதல்

சொற்களில் பிழை செய்தால் எண்களிலும் பிழை வரும். புகலிடம் கோருவோர் என்பவர், கோரிக்கை வைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர். அகதி என்பவர் பாதுகாப்புக்குரியவராக ஏற்கப்பட்டவர். ஆனால் அங்கீகாரம் ஒருவரை அகதியாக ஆக்குவதில்லை. அவர் ஏற்கெனவே அகதியாக இருப்பதை அது உறுதிசெய்கிறது என்பதே ஐ.நா. அகதிகள் ஆணையரகத்தின் நிலைப்பாடு. உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் எல்லையைக் கடக்காதவர்கள். நாடற்றவர் என்பவர் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டவர்கள் 12.32 கோடிப் பேர் என்று அந்த ஆணையரகம் அறிவித்தது. அதை '12 கோடி அகதிகள்' என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் அவர்களில் அகதிகள் ஏறத்தாழ 4.27 கோடி, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் 7.35 கோடி, புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள் 84 லட்சம். பாலஸ்தீன அகதிகளுக்காக 1949இல் தனியாக நிறுவப்பட்ட ஐ.நா. முகமையின் பொறுப்பில் உள்ளவர்களும் மொத்தக் கணக்கில் அடங்குவர். அவர்களில் சிலர் அகதிகளாகவும் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோராகவும் இரு வகையிலும் வருவதால், இந்த மூன்று எண்களின் கூட்டல் மொத்தத்தைவிடச் சற்று மிகும்.

இந்த வேறுபாடு வெறும் இலக்கணச் சிக்கல் இல்லை. உங்கள் அறிக்கையில் இப்படி ஓர் எண் பிழையாக இருந்தால், எதிர்த்தரப்பு அந்த ஒன்றைச் சுட்டிக்காட்டியே அறிக்கை முழுவதையும் தள்ளிவிடும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மூன்றைக் குறித்துவைக்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: யார் எண்ணினார்கள், எந்த நாள்வரை எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள்.

எங்கே விண்ணப்பிப்பது

ஐ.நா. அகதிகள் ஆணையரகம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் முதற்பெயர். அங்கே போட்டி மிகுதி. அது அரசுகளோடு இணைந்தும் இயங்கவேண்டிய அமைப்பு என்பதால் பேச்சிலும் எழுத்திலும் நிதானம் கூடுதலாக எதிர்பார்க்கப்படும். அரசுகளை வெளிப்படையாக விமர்சிக்கும் பணி தன்னார்வ அமைப்புகளிலும் அவற்றின் கூட்டமைப்புகளிலும் நடக்கிறது. பிரஸ்ஸல்ஸிலிருந்து இயங்கும் அகதிகள், நாடுகடந்தோருக்கான ஐரோப்பியப் பேரவை அத்தகைய கூட்டமைப்பு. 2024இல் ஏற்கப்பட்டு 2026 ஜூன் முதல் நடைமுறைக்கு வருவதாக வகுக்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிவரவு, புகலிட ஒப்பந்தத்தை ஆராய விரும்புவோர் அதன் வெளியீடுகளைப் படிக்க வேண்டும். ஆசிய–பசிபிக் அகதிகள் உரிமை வலையமைப்பு நம் வட்டாரத்துக்கானது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1982இல் தொடங்கப்பட்ட அகதிகள் ஆய்வு மையம் போன்றவை ஆராய்ச்சியில் நாட்டமுள்ளோருக்கு ஏற்றவை. நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அனுப்பப்படும் குறிப்புகளில் எவை படிக்கப்படுகின்றன, எவை ஒதுக்கப்படுகின்றன என்பதை அங்கிருந்துதான் நேரில் காண முடியும்.

இவை அனைத்தையும்விட, அகதிகளே தொடங்கி நடத்தும் அமைப்புகளை முதலில் தேடுமாறு நான் வலியுறுத்துவேன். அவை சிறியவை, முறையான பயிற்சித் திட்டம்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு விதி மாறும்போது வாழ்க்கையில் எது மாறுகிறது என்பது அங்கே ஒவ்வொரு கூட்டத்திலும் தெரியும், பெரிய அமைப்புகளில் அந்த அறிவு பல கைகள் மாறித்தான் வந்து சேரும். எந்த அமைப்பாயினும் அதன் அண்மை வெளியீடுகளில் மூன்றையாவது படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்; கடந்த ஆண்டு அங்கே பயிற்சி பெற்றவரிடம், உண்மையில் என்ன வேலை தந்தார்கள் என்று கேளுங்கள்.

விண்ணப்பம்

விண்ணப்பக் கடிதத்தில் 'அகதிகளுக்கு உதவ வேண்டும் என்பது என் சிறுவயதுக் கனவு' என்று தொடங்காதீர்கள். படிப்பவர் அதே வாக்கியத்தை அன்று காலையிலேயே பலமுறை படித்திருப்பார். அதற்குப் பதிலாக, அந்த அமைப்பு அண்மையில் எடுத்த ஒரு நிலைப்பாட்டைக் குறிப்பிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியை எழுதுங்கள். எழுத்து மாதிரி கேட்டால், இருபது பக்க ஆய்வுக் கட்டுரையை அனுப்புவதைவிட, அதன் சாரத்தை இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பாக மாற்றி எழுதி அனுப்புவது மேல். அப்படி மாற்றி எழுதத் தெரிந்தவரையே அவர்கள் தேடுகிறார்கள். ஆங்கிலம் தவிர வேறு மொழி அறிவிருந்தால் அதை முன்னால் குறிப்பிடுங்கள். புகலிடம் கோருவோரின் மொழியில் வெளியாகும் செய்திகளை நேரடியாகப் படிக்கக்கூடியவர் எந்தக் கொள்கைக் குழுவுக்கும் பெரும் துணை.

உங்கள் குடும்பமே இடம்பெயர்ந்து வந்ததாக இருக்கலாம். அதைச் சொல்வதா வேண்டாமா, எவ்வளவு சொல்வது என்பது முழுக்க முழுக்க உங்கள் உரிமை. சொன்னால்தான் இடம் கிடைக்கும் என்று எண்ணி வலிந்து எழுதத் தேவையில்லை. சொன்ன பிறகு, கேட்கும்போதெல்லாம் மேடையில் அதை மீண்டும் சொல்லும் கடமையும் உங்களுக்கு இல்லை.

பணம் பற்றித் தயங்காமல் கேளுங்கள். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பயிற்சிகளுக்கு ஊதியம் கிடையாது. அகதிகள் ஆணையரகம் வேறு உதவி பெறாத பயிற்சி மாணவர்களுக்குப் படித்தொகை வழங்குகிறது. ஊதியமில்லாப் பயிற்சி என்றால் பல்கலைக்கழக நல்கை, பயிற்சியைப் படிப்பின் பகுதியாகக் கணக்கில் கொள்ளும் மதிப்பலகு (கிரெடிட்), வீட்டிலிருந்தே வேலை ஆகியவற்றில் எது சாத்தியம் என்று விசாரியுங்கள். வெளிநாட்டில் மாணவர் விசாவில் இருப்பவர்கள், ஊதியமில்லாத பயிற்சியும் பல நாடுகளில் 'வேலை' என்றே கருதப்படக்கூடும் என்பதால் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்துமூலம் உறுதி பெற்ற பிறகே சேர வேண்டும்.

சேர்ந்த பிறகு

கொள்கைப் பணிக்கு நாட்காட்டிதான் உயிர். அமெரிக்காவில் அக்டோபர் 1 அன்று தொடங்கும் நிதியாண்டுக்கு எத்தனை அகதிகளை மீள்குடியேற்றுவது என்பதை, 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டப்படி, குடியரசுத் தலைவர் காங்கிரஸுடன் கலந்தாலோசித்து முடிவு செய்கிறார். அதில் செல்வாக்குச் செலுத்த நினைப்பவர் அக்டோபரில் எழுதிப் பயனில்லை. அங்கே புதிய விதிமுறை வரைவுகளுக்குப் பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்க பெரும்பாலும் 30 அல்லது 60 நாள்தான் கிடைக்கும். ஐ.நா. அகதிகள் ஆணையரகத்தின் நிர்வாகக் குழு ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டி ஜெனீவாவில் கூடுகிறது. உலகளாவிய அகதிகள் மன்றம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. 2019இலும் 2023இலும் நடந்தது. சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் அமைப்பு கவனிக்கும் கெடுநாட்களைக் கேட்டு ஒரே தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதும்போது முதல் பத்தியிலேயே நான்கு செய்திகள் இருந்தாக வேண்டும்: என்ன முடிவு எடுக்கப்படவிருக்கிறது, யார் எடுப்பார், எந்த நாளில், நாம் கேட்பது என்ன. வரலாறும் பின்னணியும் அதற்குப் பிறகுதான். 'அகதிகளின் உரிமைகள் மதிக்கப்பட வேண்டும்' என்று எழுதுவது கோரிக்கை ஆகாது. அதைப் படிக்கும் அதிகாரி தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். 'இன்ன பிரிவில் 7 நாள் என்பதை 30 நாள் என்று மாற்றவும். சட்ட உதவி கிடைக்கும் வரை அந்தக் காலம் தொடங்கக் கூடாது என்ற வாக்கியத்தைச் சேர்க்கவும்' என்று எழுதினால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். ஒரு நாட்டின் நிலைமை குறித்த தகவல்களுக்கு அகதிகள் ஆணையரகத்தின் ரெஃப்வேர்ல்ட் தளம், ஆஸ்திரியச் செஞ்சிலுவைச் சங்கம் பராமரிக்கும் நாட்டுத் தகவல் தரவுத்தளம், ஐரோப்பிய ஒன்றியப் புகலிட முகமையின் அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரே செய்தியை நான்கு அறிக்கைகள் சொன்னாலும், நான்கும் ஒரே மூலத்தை மேற்கோள் காட்டுகின்றனவா என்று அடிக்குறிப்புகளைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரையோ அவருடைய உதவியாளரையோ சந்திக்க உங்களை அழைத்துச் சென்றால், உங்கள் வேலை குறிப்பெடுப்பது. அவர் கேட்டு உங்கள் குழுவால் விடை சொல்ல முடியாத கேள்வியைத் தனியே எழுதிவைத்து, விடையை அன்று மாலைக்குள் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த சந்திப்பு கிடைப்பது பெரும்பாலும் அந்த மாலையைப் பொறுத்தது. மேலும், பல நாடுகளில் அறக்கட்டளைகள் தேர்தலில் வேட்பாளரை ஆதரிப்பதற்குத் தடையும், சட்டமியற்றுவோரிடம் பரிந்துரைப்பதற்கு வரம்பும் உண்டு. உங்கள் சொந்தச் சமூக ஊடகப் பதிவுகள் அமைப்பின் குரலாகப் படிக்கப்படலாம் என்பதால் அந்த விதிகளை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

மனிதர்களின் கதைகள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். கொள்கைக் குறிப்புக்கு வலுச்சேர்க்க ஒரு மனிதரின் அனுபவத்தைச் சேர்க்குமாறு உங்களிடம் சொல்வார்கள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. ஒருவருடைய ஊர், தொழில், வந்துசேர்ந்த மாதம், குழந்தைகளின் எண்ணிக்கை ஆகிய நான்கும் சேர்ந்தால், அவருடைய ஊர்க்காரருக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். ஊரில் இருக்கும் அவருடைய உறவினர்களைத் துன்புறுத்துபவருக்கும் தெரிந்துவிடும்.

பலர் நினைத்துப் பார்க்காத இன்னோர் ஆபத்தும் உண்டு. புகலிடக் கோரிக்கையில் பெரும்பாலும் வேறு சாட்சி இருப்பதில்லை. கோருபவரின் வாக்குமூலமே சாட்சி. அதிகாரிகள் அதன் நம்பகத்தன்மையை, வெவ்வேறு இடங்களில் அவர் சொன்னவற்றை ஒப்பிட்டு எடைபோடுகிறார்கள். நீங்கள் கேட்டெழுதிய கட்டுரையில் ஒரு தேதி மாறியிருந்தாலோ, 'கைது' என்று அவர் சொன்னதை நீங்கள் 'சிறை' என்று எழுதியிருந்தாலோ, அந்த முரண்பாடு ஒரு நாள் அவருக்கு எதிராகவே எடுத்துக்காட்டப்படலாம். நான் பயிற்சி மாணவராக இருந்தபோது, ஒருவர் 'குளிர்காலத்தில்' என்று சொன்னதைப் படிப்போருக்கு எளிதாக இருக்கட்டும் என்று 'டிசம்பரில்' என்று எழுதிவிட்டேன். என் மேற்பார்வையாளர் அதை அடித்துத் திருத்திவிட்டு, அவர் டிசம்பர் என்று சொன்னாரா என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து பிறர் சொல்லாத ஒரு சொல்லையும் அவர் வாயில் நான் வைத்ததில்லை.

கோரிக்கை நிலுவையில் உள்ளவரின் கதையை அவருடைய வழக்கறிஞருக்குத் தெரியாமல் வெளியிடவே கூடாது. ஒப்புதல் பெறும்போது, இது எங்கே வெளியாகும், யார் படிப்பார்கள், எப்போது வரை திரும்பப் பெறலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். மறுத்தால் அவருக்குக் கிடைக்கும் எந்த உதவியும் நின்றுவிடாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். உதவி பெறும் இடத்தில் கேட்கப்படும் ஒப்புதல் எளிதில் கட்டாயமாகிவிடும். எழுதிய பின் அவரிடமே படித்துக்காட்டுங்கள். பேச அழைத்தால் பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் அமைப்பு தருகிறதா என்று நீங்களே முன்வந்து கேளுங்கள். படங்களையும் பெயர்ப் பட்டியல்களையும் சொந்தக் கைபேசியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களைச் சந்திக்கும் ஒருவர் 'நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்பார். அவருக்கு விடை சொல்லும் ஆசையை அடக்குவது கடினம். ஆனால் சட்ட ஆலோசனை வழங்கும் தகுதி உங்களுக்கு இல்லை. அமெரிக்காவில் வந்துசேர்ந்த ஓராண்டுக்குள் புகலிட விண்ணப்பம் தர வேண்டும் என்ற பொது விதியும் அதற்குச் சில விதிவிலக்குகளும் உண்டு. அரைகுறையாகச் சொல்லப்பட்ட ஒரு விடை அந்த ஓராண்டை அவரிடமிருந்து பறித்துவிடக்கூடும். தகுதியுள்ள சட்ட உதவி மையத்தின் விவரத்தைத் தந்து, முடிந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பு நிகழும் வரை உடனிருங்கள்.

இவற்றையெல்லாம் நாள்தோறும் படித்தும் கேட்டும் வருபவரின் உறக்கம் கெடும். அப்படி நேர்ந்தால் அது உங்கள் பலவீனம் இல்லை. மேற்பார்வையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி, சாட்சியங்களைப் படிக்கும் நேரத்தைக் குறைத்து வேறு வேலையை மாற்றித் தரக் கேளுங்கள்.

விடைபெறும் முன்

பயிற்சி முடிவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே ஒப்படைப்புக் குறிப்பை எழுதத் தொடங்குங்கள். நீங்கள் எழுதியவற்றில் எதை எழுத்து மாதிரியாகப் பிறரிடம் காட்டலாம் என்பதற்கு எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். பரிந்துரைக் கடிதம் தர இசைபவரிடம், நீங்கள் செய்த மூன்று வேலைகளைச் சுருக்கி எழுதிக் கொடுங்கள். உங்களிடம் தங்கிவிட்ட கோப்புகளை அமைப்பின் விதிப்படி அழித்துவிட்டு, அழித்ததை மேற்பார்வையாளரிடம் உறுதிப்படுத்துங்கள். ஒப்படைப்புக் குறிப்பின் முதல் வரியில் அடுத்து வரவிருக்கும் கெடுநாளையும், அதற்காகப் பாதியில் நிற்கும் வரைவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகும் மாணவர் முதல் நாள் காலையில் தேடப்போவது அதைத்தான்.